ஆறும் சாலையும் கோணலாகச் சந்தித்தால்

சாலை போடுகிறவன் ஊரைப் பார்த்துப் போடுகிறான். ஆறு பள்ளத்தைப் பார்த்து ஓடுகிறது. இவ்விரண்டும் சந்திக்குமிடத்தில், கொத்தனாரின் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தாற்போல் செங்கோணமாகத்தான் சந்திக்க வேண்டும் என்ற நியதி எதுவும் இல்லை. பல இடங்களில் அவை கோணலாகவே சந்திக்கின்றன. அங்ஙனம் சந்திக்குமிடத்தில் கட்டப்படும் பாலம், நேர்க்குறுக்காகக் கட்டப்படும் பாலத்தைப்போல் நடந்துகொள்வதில்லை. அதன் பாரம் வேறு வழியில் இறங்குகிறது. வெயிலில் அது வேறு விதமாக விரிகிறது. அதன் நான்கு மூலைகளும் ஒரே அளவு சுமையைத் தாங்குவதில்லை.

இஃது இஞ்சினீயர்களின் கவலை அன்றோ, இதில் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் குடியானவர்களுக்கும் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஒரு பாலத்தின் கோணல் எவ்வளவு என்பதை முடிவு செய்வதில் இரண்டு காரியங்கள் ஊராரின் கையில் இருக்கின்றன. ஒன்று, பாலத்துக்குச் செல்லும் அணுகுசாலைக்கு ஊரார் எந்த நிலத்தை விடுகிறார்கள் என்பது. மற்றொன்று, வெள்ளம் உண்மையில் எத்திசையில் வருகிறது என்று அளக்க வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வது. இவ்விரண்டும் தவறாகப் போனால், வரைபடம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பாலம் நெடுநாள் தொல்லை தரும். மேலும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆவது பிரிவின்படி, நெடுஞ்சாலைகளும் ஊராட்சி ஒன்றியச் சாலைகளும் நீங்கலாக மற்ற ஊர்ச்சாலைகளையும், அவற்றிலுள்ள பாலங்கள், சிறுபாலங்கள், தரைப்பாலங்கள் ஆகியவற்றையும் கட்டுவதும் பழுது பார்ப்பதும் கிராம ஊராட்சியின் கடமைகளுள் அடங்கும். கடமை நம்முடையதாயின், அதைப்பற்றிய அறிவும் நமக்கு வேண்டும்.

தென்காசிப் பகுதியின் இயல்பு

இப்பாடத்துக்குத் தென்காசி, குற்றாலம் பகுதியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு அருவியாக விழுந்து, தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடிச் சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியில் கலக்கிறது. ஐந்தருவியின் நீரும், குண்டாறும், அனுமன் நதியும், கருப்பாநதியும் மலையிலிருந்து இறங்கி இந்த ஆற்றின் குடும்பத்திலேயே சேருகின்றன. ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய்கள் பிரிகின்றன. கால்வாய்கள் குளங்களை நிரப்புகின்றன. குளத்தின் கலுங்கு வழியே வழியும் நீர் அடுத்த குளத்துக்குச் செல்கிறது.

இவற்றுள் மலையோடை சரிவை நோக்கி நேரே பாயும். கால்வாயோ நிலத்தின் மட்டத்தை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும். சாலை இவ்விரண்டையும் கேட்டுக்கொண்டு போடப்படுவதில்லை. பழைய வண்டித் தடத்தையும் நில எல்லையையும் தழுவிப் போடப்படுகிறது. ஆகவே மலையடிவாரத்து ஊர்களில் நீரும் சாலையும் கோணலாகச் சந்திப்பது வியப்பன்று. செங்கோணமாகச் சந்தித்தால்தான் வியப்பு.

இப்பகுதியின் நீர் இரண்டு முகங்கள் உடையது. ஆனி, ஆடியில் சாரல் காலத்து நீர் ஒரு முகம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் நீர் மற்றொரு முகம். குற்றாலத்து மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கியவுடன் குளிப்பதற்குத் தடை விதிப்பதை நாம் அனைவரும் அறிவோம். அதே நீர்தான் கீழே பாலங்களின் கண்களுக்கு வந்து சேருகிறது. கோடையிலுங்கூட அது திடீரென வரும். 2024 மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் வந்த வெள்ளம் ஓர் இளைஞனின் உயிரைக் கொண்டு போனது. 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் தாமிரபரணி வட்டாரம் கண்ட பெருவெள்ளங்களை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2023இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது என்பதை மட்டும் நினைவிற் கொண்டால் போதும். இத்தகைய நீருக்கு வழிவிடும்படியாகத்தான் நம் பாலங்கள் அமைய வேண்டும்.

கோணலை அளப்பது எப்படி?

நீரோட்டம் சாலையைச் செங்கோணமாகக் கடந்தால் கோணல் இல்லை. அதாவது கோணல் 0 பாகை. அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவே கோணல். இதனை இஞ்சினீயர்கள் ஸ்கியூ கோணம் என்பார்கள். கடிகார முகத்தில் 12க்கும் 1க்கும் இடையே உள்ள விரிவு 30 பாகை என்பதை மனத்திற் கொண்டால், அளவு எளிதில் விளங்கும்.

இதனை அளக்கக் கருவி வேண்டியதில்லை. ஒரு கயிறும் அளவு நாடாவும் நான்கு முளைக்குச்சிகளும் போதும். வீடு கட்டக் கால்கோளும்போது கொத்தனார்கள் 3, 4, 5 என்ற அளவில் கயிற்றைப் பிடித்து மூலை பார்ப்பதுபோல், சாலை ஓரத்தில் ஓரிடத்திலிருந்து சாலைக்குச் செங்குத்தாக ஒரு கோடு பிடியுங்கள். அதே இடத்திலிருந்து நீரோட்டத்தின் திசையில் மற்றொரு கயிறு கட்டுங்கள். செங்குத்துக் கோட்டில் 10 மீட்டர் சென்று நின்று, அங்கிருந்து சாலைக்கு இணையாக, நீரோட்டக் கயிறு வரை உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். அது 2.7 மீட்டர் இருந்தால் கோணல் 15 பாகை, 3.6 மீட்டர் இருந்தால் 20 பாகை, 5.8 மீட்டர் இருந்தால் 30 பாகை. 10 மீட்டரே இருந்தால் 45 பாகை.

அளப்பது எளிது. எந்த நீரை அளப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அளவை வேலை பெரும்பாலும் ஆற்றில் நீர் வற்றிய மாதங்களில் நடைபெறுகிறது. அப்பொழுது மணலின் நடுவே ஒரு கோடுபோல் ஓடும் நீர், இடத்துக்கிடம் நெளிந்து செல்லும். வெள்ளக் காலத்திலோ ஆறு அந்த நெளிவுகளை மதியாது, கரைக்குக் கரை நிரம்பி நேரே பாயும். வற்றிய காலத்து ஓட்டத்துக்கும் வெள்ளத்தின் ஓட்டத்துக்கும் கணிசமான விலகல் இருக்கக்கூடும். பாலத்தின் தூண்கள் வெள்ளத்தின் திசைக்கு இசைய நிற்க வேண்டுமேயன்றிக் கோடைக்கால ஓட்டத்துக்கு இசைய நிற்பதில் பயனில்லை. வெள்ளம் எந்தத் தோப்பின் ஓரமாக மோதி எந்தக் கரையை அறுத்தது என்பது நாற்பது ஆண்டுகளாக அந்த வயலில் உழுகிறவருக்குத் தெரியும்; சித்திரை மாதத்தில் கருவியுடன் வந்து நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. அவர் கேட்காவிட்டாலும் ஊரார் வலியச் சென்று சொல்ல வேண்டும். வெள்ளம் ஏறிய மட்டம் பழைய சுவர்களில் தடமாக இருப்பின் அதனையும் காட்ட வேண்டும்.

நீரின் கணக்கு

கோணலைப் புறக்கணித்து, சாலைக்கு நேர்க்குறுக்காகவே தூண்களை நிறுத்திவிட்டால் என்ன? கட்டுவதற்கு எளிது, கம்பியும் குறைவு. ஆனால் கணக்குப் பார்ப்போம். 1 மீட்டர் கனமும் 8 மீட்டர் நீளமும் உள்ள சுவர்போன்ற தூண் ஒன்று நீரோட்டத்துக்கு இசைந்து நின்றால், வெள்ளத்தை எதிர்ப்பது அதன் 1 மீட்டர் முகம் மட்டுமே. அதே தூண் நீரோட்டத்துக்கு 30 பாகை கோணலாக நின்றுவிட்டால், வெள்ளத்தின் கண்ணுக்கு அது ஏறத்தாழ 4.9 மீட்டர் அகலமுள்ள தடையாகிறது. தூண்களுக்கிடையே நாம் 10 மீட்டர் வழி விட்டிருப்பதாக எண்ணிக்கொண்டிருப்போம். நீருக்குக் கிடைப்பதோ 4.7 மீட்டருக்கும் குறைவு. பாதி வழி பறிபோயிற்று.

வழி குறுகினால் நீர் மேற்புறத்தில் தேங்கி வயல்களில் ஏறும். கண்களுக்குள் அதன் வேகம் கூடும். தூணின் அடியில் சுழித்து மண்ணை அரிக்கும். பாலங்கள் விழுவது பெரும்பாலும் மேலே செல்லும் லாரியின் பாரத்தால் அன்று, கீழே அடித்தளத்தின் மண் போவதனால்தான் என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். ஆகவே தூண்களையும் கரைச்சுவர்களையும் வெள்ளத்தின் திசைக்கு இசைய நிறுத்துவதே முறை. அப்படி நிறுத்தும்போது மேலே உள்ள தளம் செவ்வகமாக இராது; சாய்ந்த சதுரம் போல், இரண்டு மூலைகள் கூர்ந்தும் இரண்டு மூலைகள் விரிந்தும் அமையும். கூர்ந்தவற்றைக் குறுமூலை என்றும் விரிந்தவற்றை விரிமூலை என்றும் இக்கட்டுரையில் அழைப்போம். நீரின் தொல்லை தீர்ந்த இடத்தில் பாரத்தின் தொல்லை தொடங்குகிறது.

பாரம் இறங்கும் வழி

கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து வருகிறவர் வரப்பைச் சுற்றி வரமாட்டார். அறுத்த வயலாயின் குறுக்கே நடந்து களத்தை அடைவார். பாலத்தின் மேல் நிற்கும் வண்டியின் பாரமும் அங்ஙனமே. கான்கிரீட் தளத்தின் வழியாக மிக அருகிலுள்ள தாங்குமிடத்தை நாடிச் செல்வது அதன் இயல்பு. நேர்ப் பாலத்தில் அருகிலுள்ள வழி சாலையின் திசையிலேயே அமைந்திருப்பதால் கேள்வி எழுவதில்லை. கோணற் பாலத்திலோ சாலையின் திசை ஒன்று, குறுக்குவழி மற்றொன்று.

ஓர் எடுத்துக்காட்டு: கரைச்சுவர்களுக்கிடையே நீர் செல்லும் வழி செங்குத்தாக அளந்தால் 10 மீட்டர், தளத்தின் அகலம் 7.5 மீட்டர், கோணல் 45 பாகை என்று கொள்வோம். சாலையின் வழியே அளந்தால் தளத்தின் நீளம் 14.1 மீட்டர் ஆகிறது. ஒரு குறுமூலையிலிருந்து எதிர்க் குறுமூலைக்கு ஏறத்தாழ 23 மீட்டர். ஆனால் ஒரு விரிமூலையிலிருந்து எதிரிலுள்ள விரிமூலைக்கு 10 மீட்டர்தான். எந்த வழியைப் பாரம் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? விரிமூலையையும் விரிமூலையையும் இணைக்கும் பட்டை, தளத்துக்குள் மறைந்திருக்கும் ஓர் உத்தரம் போல் பெரும்பாலான பாரத்தைச் சுமக்கிறது. அதன் விளைவாக விரிமூலைகளில் சுமை குவிகிறது, குறுமூலைகளில் குறைகிறது. கோணல் மிகுந்துபோனால் குறுமூலையில் சுமை இல்லாமலே போய், அம்மூலை மேலே எழும்பவும் முயலும்.

இதனை நம்ப மறுப்பவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பழைய நோட்டுப் புத்தகத்தின் அட்டையைச் சாய்ந்த சதுரமாக வெட்டி, அதன் எதிரெதிர் விளிம்புகள் இரண்டு செங்கற்களின் மேல் படியும்படி வைத்து, நடுவில் விரலால் அழுத்துங்கள். கூர்ந்த இரு மூலைகளும் செங்கல்லை விட்டு எழுவதைக் காணலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டவும் இது நல்ல பாடம்.

வளைவதோடு தளம் முறுக்கவும் படுகிறது. துணியைப் பிழியும்போது இரு கைகளும் எதிரெதிராகத் திருகுவதுபோன்ற முறுக்கு இது. உத்தரங்களின் மேல் அமைந்த பெரிய பாலங்களில் இதன் காரணத்தைத் தெளிவாகக் காணலாம். சாலையின் குறுக்கே ஒரு நேர்க்கோடு கிழித்தால், அக்கோட்டில் ஓர் உத்தரத்தின் நடுப்பகுதி இருக்கும்; அதற்கு அடுத்த உத்தரத்தின் முனையை ஒட்டிய பகுதி இருக்கும். நடுப்பகுதி மிகுதியாகத் தாழும், முனை தாழாது. இரண்டையும் இணைத்து நிற்கும் தளமும் குறுக்கு உத்தரமும் அந்த ஏற்றத்தாழ்வுக்கு இடையே முறுக்குண்ணும். விரிமூலையில் நிற்கும் ஓர உத்தரத்தின் முனைக்கு மற்றவற்றைவிட மிகுதியான வெட்டுவிசை வருகிறது.

இன்னொரு புதுமையும் உண்டு. சாதாரணமாகத் தளம் கீழ்நோக்கித் தொய்வதால் அதன் அடிப்புறம் இழுபடும்; ஆகவே கம்பியை அடியில் வைக்கிறோம். கோணற் பாலத்தின் விரிமூலைக்கு அருகிலோ மேற்புறமும் இழுபடுகிறது. அங்கே மேலே கம்பி இல்லையானால் தளத்தின் முதுகில் வெடிப்புக் காணும். வெடிப்பின் வழியே மழைநீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பெயர்க்கும். நம்மில் பலர் சாலையின் மேல் தாரைத்தான் பார்க்கிறோம். அதன் கீழ் நடப்பதைப் பார்ப்பதில்லை.

வெயிலின் செயலையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். தளம் வெப்பத்தால் விரியும்போது மிக நீண்ட வழியில்தான் மிகுதியாக விரியும். அஃதாவது குறுமூலைகளை நோக்கி. ஆண்டுதோறும் விரிந்து சுருங்கி, தளம் சிறிது சிறிதாகக் குறுமூலையின் பக்கம் நகர்ந்து, கிடைமட்டத்தில் திரும்பவும் முயல்கிறது. தளத்துக்கும் சுவருக்கும் இடையே வைக்கும் தாங்கிகளும், பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தடுப்புகளும் இதனை எதிர்பார்த்தே அமைக்கப்படுகின்றன. பூமி அதிர்ந்தால் இத்திருப்பம் ஒரே நொடியில் நிகழும். 2010 பிப்ரவரியில் சிலி நாட்டில் நேர்ந்த பெரும் பூகம்பத்தில் கோணற் பாலங்கள் சில அவ்வாறு திரும்பித் தாங்குமிடத்தை விட்டு விழுந்தன. உத்தரங்களை இறுகப் பிணைக்கும் குறுக்கு உத்தரங்கள் இல்லாமையும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்ந்தவர்கள் கூறினர்.

இவை யாவும் கோணல் எவ்வளவு என்பதைப் பொறுத்தவை. ஏறத்தாழ 15 முதல் 20 பாகை வரை உள்ள கோணலால் பெரிய மாறுதல் எதுவும் நேர்வதில்லை. நேர்ப் பாலமாகவே எண்ணிக் கணக்கிடுவது வழக்கம். 10 மீட்டர் வழிக்கு 15 பாகையில் தளத்தின் நீளம் 35 சென்டிமீட்டர்தான் கூடுகிறது. 30 பாகையில் அது 11.5 மீட்டரைத் தாண்டுகிறது. கம்பியின் அமைப்பு மாறவேண்டும். 45 பாகையில் 14.1 மீட்டர், இங்கே தனிக் கவனமும் தனிச் செலவும் வேண்டும். 60 பாகையிலோ 20 மீட்டர், அதாவது இரு மடங்கு. அவ்வளவு கோணலில் பாலம் கட்டுவதற்கு முன், வேறு வழி உண்டா என்று பார்ப்பதே அறிவுடைமை.

கல்லால் கட்டிய காலத்தில் இத்தொல்லை இன்னும் பெரிது. கல்வளைவுப் பாலம் என்றால் நம் பகுதி மக்களுக்குச் செங்கோட்டையிலிருந்து புனலூர் செல்லும் ரயில்பாதையில், கழுதுருட்டியில் நிற்கும் பதின்மூன்று கண் பாலம் நினைவுக்கு வரும். வளைவின் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பாரத்தைத் தாங்குகின்றன. வளைவு கோணலாக அமைந்தால், நேர் வரிசையாக அடுக்கிய கற்கள் மூலைப்பக்கத்தில் வெளியே தள்ளப்பட்டு விழும். அயர்லாந்தில் நேஸ் என்னும் ஊருக்கருகே 1787இல் வில்லியம் சாப்மன் என்பவர் கற்களைத் திருகுவரிசையாக அடுக்கி இதற்கு வழி கண்டார். 1830இல் திறக்கப்பட்ட லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில்பாதைக்காக ஜார்ஜ் ஸ்டீபன்சன் ரெயின்ஹில்லில் கட்டிய பாலம் ரயில்பாதையை 34 பாகைக் கோணத்தில் கடக்கிறது. நம் அளவில் கோணல் 56 பாகை. ஒவ்வொரு கல்லையும் எப்படிச் செதுக்குவது என்று அறிய, பக்கத்து வயலில் அப்பாலத்தை முழு அளவில் மரத்தால் செய்து பார்த்தார்களாம். அட்டையை வெட்டிச் சோதிக்க நாம் வெட்கப்படத் தேவையில்லை.

ஊரார் முன் உள்ள வழிகள்

ஆற்றின் திசை இது, சாலையின் திசை இது என்று தெரிந்தபின் நான்கைந்து வழிகள் எதிர்நிற்கின்றன. சாலையைச் சற்று வளைத்துக் கொண்டுபோய் ஆற்றை நேர்க்குறுக்காகக் கடக்கச் செய்யலாம். பாலத்தின் செலவு இதனால் குறையும். ஆனால் அணுகுசாலைக்கு யாருடைய நிலமேனும் போகும். வளைவு திடீரென அமைந்தால் இரவில் வரும் வண்டிகளுக்கு ஆபத்து. நீண்டு இளகிய வளைவாக அமைக்க இடம் இருந்தால் மட்டுமே இதனை ஏற்கலாம் என்பது நம் கருத்து. 40 பாகைக் கோணலை 20 பாகையாகக் குறைத்தாலே பெரும் பயன் உண்டு. முற்றிலும் நேராக்கித்தான் தீரவேண்டும் என்பதில்லை.

ஆற்றையே வெட்டித் திருப்பிவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. சிறு கால்வாயாயின் அளவோடு செய்யலாம். மலையடிவாரத்து ஆற்றில் இது வேண்டாத வேலை. ஆறு பழைய தடத்தை மறப்பதில்லை. திருப்பிவிட்ட வளைவில் மோதிக் கரையை உடைத்துக்கொண்டு அடுத்தவர் வயலில் புகும்.

சுவர்போன்ற நீண்ட தூணுக்குப் பதிலாக வட்டத் தூண் நிறுத்துவது மற்றொரு வழி. வட்டத்துக்கு முகம் என்றும் முதுகு என்றும் இல்லை. எத்திசையிலிருந்து நீர் வந்தாலும் அது காட்டும் அகலம் ஒன்றே. வெள்ளத்தின் திசை ஆண்டுக்காண்டு மாறும் இடங்களில் இதன் அருமை தெரியும். சாலையின் ஒரு வரிசைக்கு ஒரே வட்டத் தூண் போதுமான சிறு பாலங்களில், மேலே தளத்தை நேராகவே அமைத்துக்கொள்ளவும் இது இடந்தரும். பாலத்தைச் சற்று நீளமாக்கி, கரைச்சுவர்களை நீரோட்டத்துக்கு வெளியே தள்ளி நேராக நிறுத்துவதும் உண்டு. நிலம் எடுப்பது இயலாதபோது இச்செலவு தகும்.

இவை எதற்கும் இடமில்லையாயின், கோணலை ஏற்றுக்கொண்டு அதற்கேற்பக் கட்ட வேண்டும். கோணற் பாலம் குற்றமுள்ள பாலம் அன்று. நன்கு கணக்கிட்டுக் கட்டியது நேர்ப் பாலத்தைப்போலவே உழைக்கும். கோணல் இருப்பதை மறந்து கட்டுவதே குற்றம்.

பஞ்சாயத்தின் சொந்தப் பொறுப்பில் மிகுதியாக வருவது சிமெண்டுக் குழாய்ச் சிறுபாலம். இதில் ஒரு தவறு பலவிடங்களில் காணப்படுகிறது. கால்வாய் 45 பாகை கோணலாக வரும். குழாயையோ சாலைக்கு நேர்க்குறுக்காகப் பதித்துவிடுவார்கள். 6 மீட்டர் அகலமுள்ள சாலைக்கு, 2.5 மீட்டர் நீளக் குழாய் மூன்று போதும்; கோணலாகப் பதித்தால் 8.5 மீட்டர் வேண்டும், குழாய் நான்காகும். அந்த ஒரு குழாயின் விலையை மிச்சம் பிடிக்கிறார்கள். விளைவாக நீர் குழாய்க்குள் நுழையும் முன் ஒரு திருப்பமும், வெளியேறியபின் ஒரு திருப்பமும் எடுக்க வேண்டியதாகிறது. திருப்பத்தில் மண் படிந்து வாய் அடைகிறது. வெளிப்புறத்தில் நீர் எதிர்க்கரையில் அடித்து அறுக்கிறது. ஆண்டுதோறும் அக்கரைக்கு மண் போடும் கூலியைக் கணக்கிட்டால் நான்காவது குழாயின் விலை தெரியவரும்.

வேலை நடக்கும்போதும் அதன் பின்னும்

கோணற் பாலத்தின் தளத்துக்குக் கம்பி கட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மூலைப்பக்கங்களில் ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு நீளமாக வெட்டப்பட வேண்டும். கம்பி கட்டுகிறவர்கள் வேலையை எளிதாக்கிக்கொள்ள எல்லாவற்றையும் சாலைக்கு இணையாகவும் நேர்க்குறுக்காகவும் வைத்துவிட விரும்புவது இயற்கையே. கோணல் குறைவாயின் அதனால் தீங்கில்லை. கோணல் மிகுந்த தளத்திலோ, பாரம் செல்லும் வழியில், அஃதாவது கரைச்சுவருக்குச் செங்குத்தாக, முதன்மைக் கம்பிகள் செல்லும்படியும், சாலையை ஒட்டிய இரு விளிம்புகளிலும் தனிக் கம்பிகள் அமையும்படியும் வரைபடத்தில் காட்டப்பட்டிருக்கும். பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் கான்கிரீட் போடும் நாளுக்கு முந்திய நாள் சென்று, வரைபடத்தையும் கம்பியையும் ஒப்பிட்டு, விரிமூலைகள் இரண்டிலும் மேல்வரிசைக் கம்பி இருக்கிறதா என்று மட்டும் கேட்டாலும் போதும். இல்லையென்றால் மேற்பார்வை செய்யும் இஞ்சினீயரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும். கான்கிரீட் போட்டபின் கேட்பதில் பொருளில்லை. மேல்வரிசைக் கம்பியை மிதித்து அடியில் தள்ளிவிடாமல் வேலையாட்கள் நடக்கப் பலகை போட்டிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

கட்டி முடிந்தபின், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் ஆண்டுக்கொருமுறை பாலத்தைச் சுற்றிப் பார்த்து வருவது நலம். அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபைக்கு முந்திய வாரம் இதற்கு ஏற்றது. விரிமூலைகளில் தளத்தின் மேலும், அடியில் சுவரை ஒட்டியும் வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். குறுமூலைகளில் தளம் தாங்கியின் மேல் படிந்திருக்கிறதா, இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தளம் முடிந்து சாலை தொடங்கும் இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் நெருங்கியும் இருந்தால் தளம் திரும்பத் தொடங்கியிருக்கிறது என்று ஐயுறலாம். கோணற் பாலத்தில் இவ்விடைவெளியை வண்டியின் ஒரு சக்கரம் முதலிலும் மற்றது பின்னரும் கடப்பதால் வண்டி புரண்டு அதிரும். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த அதிர்வினால் இடைவெளியின் விளிம்பு விரைவில் உடைகிறது. உடைந்த இடத்தில் தாரை ஊற்றி இடைவெளியை முழுவதும் அடைத்துவிடுவது, நல்லெண்ணத்துடன் செய்யப்படும் தீங்கு. தளம் விரிய இடமின்றிக் குறுமூலையில் சுவரை இடிக்கும்.

குறுமூலையின் பின்புறத்தில் மண்கரை கூர்ந்து ஒடுங்கியிருப்பதால் அங்கே மழைநீர் எளிதில் மண்ணைக் கரைத்து விடுகிறது. அவ்விடத்தில் கல்பாவிக் காப்பதும், பாலத்தின் மேல் நீர் இறங்கும் துளைகளை மண்ணடையாமல் குத்திவிடுவதும் ஊராரே செய்யக்கூடிய வேலைகள். தூணடியில் மண் போய்க் கால் தெரிகிறதா என்பதை நீர் வடிந்த பின் ஒருமுறை பார்த்து, சென்ற ஆண்டு தூணில் இட்ட வண்ணக் குறியிலிருந்து படுகை எவ்வளவு தாழ்ந்தது என்று பஞ்சாயத்துப் புத்தகத்தில் தேதியுடன் எழுதிவைக்க வேண்டும். பாலத்துக்கு அண்மையில் மணல் அள்ளப்படுவது தெரிந்தால் அதனையும் அப்பக்கத்திலேயே குறித்து, படியொன்றை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் இஞ்சினீயருக்கு அனுப்பிவைக்கலாம்.